நிலவரைபட வண்ணப் புதிர்: நான்கு என்னும் விடையும் அதன் நிபந்தனைகளும்

முன்னுரை

பொது எல்லை கொண்ட இரு பகுதிகளுக்கு ஒரே வண்ணம் வாராதவாறு ஒரு நிலவரைபடத்தை வண்ணமிட எத்தனை வண்ணங்கள் தேவை என்பது பள்ளி மாணவர்க்கு ஏற்ற கணிதப் புதிராகும். தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூலிலும் 'தகவல் செயலாக்கம்' இயலில் இது இடம்பெற்றுள்ளது. 'நான்கு' என்னும் விடை மட்டும் மனப்பாடமாகிவிட்டால், மூன்று ஏன் போதாது, நான்கு எப்பொழுது போதும் என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் பகுதி மாணவர் அறிந்த வரைபடங்களே இவ்விரு வினாக்களுக்கும் விடை தருகின்றன.

புதிரின் வரலாறு

1852இல் இங்கிலாந்து வரைபடத்திற்கு வண்ணமிட்ட பிரான்சிஸ் கத்ரி இவ்வினாவை எழுப்பினார். 1879இல் கெம்ப் அளித்த நிரூபணம் ஏற்கப்பட்டது. பதினோராண்டுகள் கழித்து ஹீவுட் அதன் பிழையைச் சுட்டி, ஐந்து வண்ணங்கள் போதும் என்பதை மட்டும் நிறுவினார். நான்கு போதும் என்பது 1976இல் அப்பெல், ஹாக்கன் ஆகியோரால் கணினித் துணையுடன் நிறுவப்பட்டது.

மூன்று போதாமை

நிரூபணம் கடினமாயினும், மூன்று போதாது என்பதை மாணவரே கண்டறியலாம். சத்தீஸ்கரைச் சுற்றி மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஏழு மாநிலங்கள் வளையமாக அமைந்துள்ளன. நடுவிலுள்ள மாநிலத்திற்கு ஒரு வண்ணம் போக, வளையத்தில் இரு வண்ணங்களை மாற்றி மாற்றி இட்டால், ஏழாவது மாநிலம் இரு பக்கத்திலும் வெவ்வேறு வண்ணங்களைச் சந்திக்கிறது. ஆகவே நான்காவது வண்ணம் இன்றியமையாததாகிறது. 2014இல் தெலங்கானா பிரியும் முன் வளையத்தில் ஆறு மாநிலங்களே இருந்தமையால், அப்பகுதிக்கு மூன்று வண்ணங்களே போதுமானவையாக இருந்தன. வளையத்தின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதே இங்கு முடிவு செய்கிறது.

தொடர்ச்சி என்னும் நிபந்தனை

ஒரு புள்ளியில் மட்டும் தொடும் பகுதிகள் அண்டைப் பகுதிகளாகக் கொள்ளப்படுவதில்லை. மேலும், ஒவ்வொரு பகுதியும் துண்டுபடாத நிலமாக இருத்தல் வேண்டும். கடலூரை அடுத்த புதுச்சேரி ஒன்றியப் பகுதி இந்நிபந்தனைக்கு உட்படவில்லை. காரைக்கால் தமிழ்நாட்டையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் ஒட்டியுள்ளன. இவை அனைத்திற்கும் ஒரே வண்ணம் வேண்டுமெனில் நான்கு வண்ணத் தேற்றம் உறுதி தருவதில்லை. எனினும் தென்னிந்தியாவில் இதனால் வண்ணம் கூடுவதில்லை. புதுச்சேரியைத் தொடாத கர்நாடகத்தின் வண்ணத்தையே அதற்கும் இடலாம். உறுதி இல்லை என்பதும் இயலாது என்பதும் வேறுவேறு என்பதை மாணவர் இங்கு உணர்வர்.

வகுப்பறைப் பயன்பாடு

ஸ்ரீமுஷ்ணம் வட்டத்தை நடுவில் வைத்து அண்டை வட்டங்களை வரையச் செய்வது நல்ல தொடக்கம். அவ்வட்டம் அரியலூர் மாவட்ட எல்லையை ஒட்டியுள்ளதால், கடலூர் மாவட்ட வரைபடத்தில் மட்டும் பார்த்தால் வளையம் முழுமை பெறாது. அரியலூர்ப் பக்கத்து வட்டங்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். பின்னர் வளையத்தை எண்ணி, தேவையான வண்ணங்களை முன்கூட்டியே கூறி, வண்ணமிட்டுச் சரிபார்க்கச் செய்யலாம்.

முடிவுரை

இப்புதிரின் கல்விப் பயன் விடையில் அன்று, காரணத்தையும் நிபந்தனையையும் தேடுவதில் உள்ளது. 'புதுச்சேரிக்கு இது பொருந்துமா?' என்று வினவும் மாணவர் தேற்றத்தை மறுக்கவில்லை. அதனைச் சரியாகப் புரிந்துகொண்டுள்ளார். அவ்வினாவுக்கு இடமளிப்பதாகக் கற்பித்தல் அமைதல் வேண்டும்.