குறைமாதப் பிள்ளையின் கால்கள்

30 வாரத்தில் பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் வழுவழுவென்று இருக்கும். மங்கலாக ஒன்றிரண்டு சிவப்புக் கீறல்கள் தெரிந்தால் உண்டு. மாதம் நிறைய நிறைய விரல் பக்கத்திலிருந்து குதிக்காலை நோக்கி மடிப்புகள் இறங்கும். பிள்ளை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று மதிப்பிட வைத்தியர்கள் அந்த மடிப்புகளையும் பார்க்கிறார்கள்.

கருப்பையில் கடைசி வாரங்களில் இடம் நெருங்குவதால் பிள்ளை கைகாலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். அந்த வாரங்கள் கிடைக்காத பிள்ளைக்குத் தசை தளர்ந்து, இரண்டு காலும் தவளைக்கால் மாதிரி வெளிப்பக்கம் சரிந்துவிடும். துணிச்சுருளை அணையாக வைத்துக் கிடத்துவதும், தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டுவதும் கால்களை மடங்கிய நிலையில் வைத்திருக்க உதவும்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்திட்டுது, என்ரை பிள்ளை இன்னும் எழும்பி நிக்கேல்லை" என்ற கவலை வன்னியின் கிளினிக் வாங்குகளுக்குப் புதிதல்ல. குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். 10 வாரம் முந்திப் பிறந்த பிள்ளை, முதலாவது பிறந்தநாளில் வளர்ச்சிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பதரை மாதப் பிள்ளைதான். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் "போகப் போகச் சரிவரும்" என்ற ஆறுதல் எல்லாக் காலுக்கும் பொருந்தாது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. காலை இயக்கும் நரம்பிழைகள் அவற்றின் சுவரை ஒட்டி இறங்குகின்றன. கைக்கும் முகத்துக்கும் போகும் இழைகள் சற்று விலகியே போகின்றன. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளில் அந்தச் சுவரோரத்துக்கு இரத்தோட்டம் எளிதில் குறைந்துவிடும். அங்கே சேதம் வந்தால் முதலில் அடிபடுவது கால்தான். லண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில், குறைமாதப் பிறப்புக்கும் விறைத்த கால்களுக்கும் உள்ள தொடர்பை 1861இலேயே எடுத்துச் சொன்னார்.

அப்படிச் சேதம் வந்த பிள்ளைக்குப் பம்பேர்ஸ் மாற்றும்போது தொடை விரியாமல் இறுகும். தூக்கி நிறுத்தினால் கால்கள் குறுக்கே பின்னும். எப்போதும் நுனிக்காலே ஊன்றும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த தடுப்பூசித் திகதிவரை பொறுக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிசியோதெரபி எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவுக்குத் தசை இறுகிப்போகாமல் காக்கலாம். முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து அன்றாடக் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி மாஞ்சோலை வைத்தியசாலைக்கு வரும் தாய்க்கு இது லேசான காரியமல்ல. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வீட்டுப் பாயில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

பிள்ளையை நாள் முழுக்க ஏணையில் விடாமல், விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பாயில் குப்புறக் கிடத்துங்கள். சக்கர வோக்கர் வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்தியே பழகும். கனடாவில் 2004இலேயே அதைத் தடைசெய்துவிட்டார்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளையின் பாதம் தட்டையாகத் தெரிவது உள்ளங்காலில் இருக்கும் கொழுப்பினால்தான். அதற்கென்று விசேட சப்பாத்து வாங்கத் தேவையில்லை.