67 ஆசியா

67 ஆசியா என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையைச் சேர்ந்த ஒரு சிறுகோள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று இதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் இப்பெயர் பெற்றது. கிரேக்கத் தொன்மத்தில் ஆசியா ஒரு பெண் தெய்வமும் ஆவாள். இதன் விட்டம் ஏறத்தாழ 58 கி.மீ.; சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான தொலைவை ஒத்தது.

கண்டுபிடிப்பு

தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனும் ஒன்றுபோல ஒளிப்புள்ளிகளாகவே தெரியும். சிறுகோள் தேடலுக்கு ஒளிப்படம் பயன்படாத அக்காலத்தில், விண்மீன் வரைபடத்தை வானத்துடன் ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி அடுத்தடுத்த இரவுகளில் இடம்பெயர்கிறதா என்று கண்ணால் பார்த்தே கண்டறிந்தனர். போக்சன் பின்னர் சென்னையிலிருந்தே சாப்போ (1864), சில்வியா (1866), வேரா (1885) ஆகிய சிறுகோள்களையும் கண்டுபிடித்தார். இவற்றுள் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உள்ளமை 2005-இல் தெரியவந்தது.

சுற்றுப்பாதை

ஆசியா சூரியனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு (சுமார் 36 கோடி கி.மீ.) தொலைவில் உள்ளது. பாதை நீள்வட்டமானதால் இத்தொலைவு 1.97 முதல் 2.87 வானியல் அலகு வரை மாறுகிறது. பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு இதன் பாதை 6 பாகை சாய்ந்துள்ளது. ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டுகள் ஆகும். செவ்வாயின் ஓராண்டு 1.88 புவியாண்டுகள், ஆகவே ஆசியா ஒருமுறை சுற்றும் காலத்தில் செவ்வாய் ஏறக்குறைய இருமுறை சுற்றிவிடுகிறது.

தற்சுழற்சி

ஆசியா தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 15.89 மணி நேரம் எடுக்கிறது. ஒழுங்கற்ற வடிவுடைய சிறுகோள் சுழலும்போது, நம்மை நோக்கும் பரப்பு கூடிக் குறைவதால் ஒளியும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வரும் கால அளவைக் கொண்டே சுழற்சிக் காலம் கணிக்கப்படுகிறது. ஆசியா 24 மணி நேரத்தில் சுமார் ஒன்றரை முறை சுழல்கிறது. எனவே ஒரே இடத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் அதே நேரத்தில் பார்ப்பவருக்கு ஏறக்குறைய அதே முகமே தெரியும். ஒளிமாற்றத்தை முழுமையாக அறியப் பல இரவுகள் தொடர்ந்து அளவிட வேண்டும்.

இந்த ஒளிமாற்றத்தின் அளவு சுமார் 0.26 ஒளிப்பொலிவெண், அதாவது, மிகப் பொலிவான நிலையில் மிக மங்கிய நிலையைவிடக் கால் பங்குக்குச் சற்றே அதிக ஒளி வருகிறது. ஒளிப்பொலிவெண்ணில் 5 அலகு வேறுபாடு 100 மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்ற இன்றைய அளவுமுறையை 1856-இல் முன்மொழிந்தவரும் போக்சனே.