மூக்குக் குழாயில் அத்தைக்குச் சாப்பாடு

பக்கவாதத்தில் விழுங்கும் சக்தியை இழந்த என் மாமியாரை மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் 'ரைல்ஸ் ட்யூப்' என்பார்கள். ஜான் ஆல்ஃப்ரட் ரைல் என்ற ஆங்கிலேய டாக்டர் 1921-ல் கொண்டு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம். கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

அதனால் படுத்த நிலையில் கொடுக்கவே கூடாது. தலையணைகளை அடுக்கி அத்தையைப் பாதி உட்கார்த்தி வைப்பேன். கஞ்சி இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் அப்படியேதான். துணி மாற்றுவது, புரட்டுவது எல்லாம் முன்னாடியே முடித்துவிட வேண்டும்.

மூக்கு நுனியருகே குழாயில் நர்ஸ் ஒரு மைக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார். கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. அடுத்து, சிரிஞ்சால் மெல்ல இழுத்து வயிற்று நீர் வருகிறதா என்று பார்ப்பேன். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள், சத்தம் ஏமாற்றிவிடும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரேதான். கழன்று வந்தால் நாமே சொருகிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்!

கேழ்வரகுக் கஞ்சியோ பருப்புத் தண்ணீரோ, டாக்டர் சொன்னபடி வேளைக்கு 200 மில்லி. மிக்ஸியில் அரைத்து மல் துணியில் இரண்டு தரம் வடிகட்டினால் குழாய் அடைக்காது. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டுப் புனல் மாதிரி தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். 20 நிமிஷம் ஆகும், ஆகட்டுமே. இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீர். மாத்திரையைப் பொடிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்; மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

"சாப்பிடாத வாயை எதுக்குக் கழுவணும்?" என்றாள் என் ஓரகத்தி. சாப்பிடாத வாயில்தான் எச்சில் காய்ந்து கிருமி பெருகும், அது நுரையீரலுக்கு இறங்கும். காலையும் இரவும் மெல்லிய ப்ரஷ், பிழிந்த ஈரத்துணி. மூக்குப் ப்ளாஸ்டரைத் தினம் மாற்றி, தோல் புண்ணாகாமல் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் ரசம் தாளித்த வாசனைக்கு அத்தை வாயைத் திறந்து காட்டினார். "ஒரு ஸ்பூன் கொடேன், என்ன ஆயிடும்?" என்று கெஞ்சினார் என் வீட்டுக்காரர். பெற்ற பிள்ளை ஆயிற்றே! நான் விடவில்லை. விழுங்கும் பயிற்சி தருபவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு துளி கிடையாது. அதற்குப் பதில், எங்கள் சாப்பாட்டு வேளையில் அத்தையின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். "இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார் அத்தை" என்று பேசிக்கொண்டே கஞ்சியை இறக்குவேன். குழாயைப் பிடுங்கப் பார்ப்பது அதற்கப்புறம் வெகுவாகக் குறைந்தது.

ஏழாவது வாரம் பயிற்சி தருபவர் வந்து சோதித்து, கெட்டித் தயிர் அரை ஸ்பூன் கொடுக்கலாம் என்றார். அத்தை அதை விழுங்க ஒரு நிமிஷம் பிடித்தது. குழாய் இன்னும் இருக்கிறது.