மூட்டின் வளைவை அளக்கும் கமெரா

38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் பெத்சதா குளத்தருகே கிடந்ததை யோவான் நற்செய்தி கூறுகிறது. சுகம் தரும் நீர் கண்ணெதிரே இருந்தது, இறக்கிவிடத்தான் ஆளில்லை. காலில் காயப்பட்ட, பாரிசவாதம் கண்ட எம்மவர் பலரின் நிலையும் இதுவே. இயன்மருத்துவர் நகர வைத்தியசாலையில் இருக்கிறார். போய்வரப் பணமும் துணையும் இல்லை.

இத்தூரத்தைக் குறைக்க உதவக்கூடியது 'ஆழ்கற்றல்' எனும் கணினி முறை. தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் முதலான 17 இடங்களை மனிதர் கையால் குறித்த படங்கள் கணினிக்குக் காட்டப்படுகின்றன. 'கோக்கோ' எனும் தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 250,000 உருவங்கள் இவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன. மூட்டு எங்கே எனக் கணினி ஊகிக்கும். பிழைத்தால் தன் கணக்கைச் சிறிது திருத்தும். இப்படியே பழகிக்கொள்ளும். 2020இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட 'பிளேஸ்போஸ்' 33 புள்ளிகளைக் கைத்தொலைபேசியிலேயே காண்கிறது.

கதிரையில் இருந்து காலை நீட்டும் பயிற்சியைப் பாருங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடுகளால் இணைத்தால் முழங்காலில் ஒரு கோணம் கிடைக்கும். மடித்திருக்கையில் அது ஏறத்தாழ 90 பாகை. முழுதாக நீட்டினால் 180 பாகைக்கு அண்மை. எத்தனை தடவை நீட்டினார், எவ்வளவு நீட்டினார் என்பதைத் தொலைபேசி எண்ணி வைக்கும். இயன்மருத்துவர் தொலைவிலிருந்தே அவ்வெண்களைப் பார்த்துப் பயிற்சியை மாற்றிச் சொல்லலாம்.

ஆனால் இது ஊகமே. சாரமோ சேலையோ முழங்காலை மூடினால் கணக்குப் பிழைக்கும். நல்ல வெளிச்சத்தில், முழு உடலும் பக்கவாட்டில் தெரியும்படி தொலைபேசியை அசையாமல் வையுங்கள். கண்ணிவெடியில் காலை இழந்தோர் கூடுதற் கவனம் கொள்ள வேண்டும். கணினி பழகிய படங்களில் இருப்போர் பெரும்பாலும் இரு கால்களும் உள்ளவர்களே. எனவே இல்லாத காலுக்கும் அது புள்ளி வைத்துவிடக் கூடும். நோவையும் கமெரா அறியாது. கோணம் சரியென்று காட்டினாலும், நோவு கூடினால் நிறுத்துங்கள்.

படம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். கணக்கைத் தொலைபேசியே செய்யக்கூடியதால் எண்களை மட்டும் அனுப்பினாற் போதும். உங்கள் உடலையும் வீட்டையும் காட்டும் படம் வெளியே போக வேண்டியதில்லை.

முதற் பரிசோதனையை இயன்மருத்துவர் நேரிலேயே செய்ய வேண்டும். அதன்பின் மாதம் நான்கு பயணம் ஒன்றாகக் குறைந்தாலும் ஒரு குடும்பத்துக்கு அது பெரும் ஆறுதல். குளத்தில் இறக்கிவிட ஒரு கை இன்னும் தேவைதான். பயிற்சியின்போது விழாமற் பிடிக்க வீட்டில் ஒருவர் அருகில் நிற்கட்டும்.