தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி: வணிகருக்கு என்ன பயன்?

மளிகைக் கடைக்காரருக்கும் தொலைக்காட்சிக்கும் நேரம் ஒத்துவருவதில்லை. மாலை ஆறு மணி முதல் இரவு ஒன்பதரை வரை நமக்கு வியாபார நேரம். செய்திகளும் தொடர்களும் கிரிக்கெட் ஆட்டங்களும் வருவது பெரும்பாலும் அதே நேரத்தில்தான். கல்லாக் கணக்கை முடித்து வீடு சேர்வதற்குள் பார்க்க நினைத்தது முடிந்துவிடுகிறது. இதற்காகச் சிலர் கடையிலேயே டி.வி. வைத்துக்கொள்கின்றனர். எடை போடுபவரின் கண் திரையில் இருந்தால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து, ஓய்வு நேரத்தில் பார்ப்பதே நல்ல வழி. அதற்கான கருவியைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு

இது புதிய எண்ணம் அன்று. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வி.எச்.எஸ். முறை வீடியோ ரிக்கார்டரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இத்தகைய கருவிகளை எதிர்த்து சினிமா நிறுவனங்கள் சோனி மீது வழக்குத் தொடுத்தன. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

கேசட்டில் தொல்லைகள் பல. நாடாவைச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சை படியும். பதிவு முடியும்வரை காத்திருக்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ, ரீப்ளே டி.வி. கருவிகள் நாடாவுக்குப் பதில் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்தின. நம் நாட்டில் 2008-இல் டாடா ஸ்கை (2022 முதல் டாடா பிளே) பதிவு வசதியுள்ள பெட்டியை அறிமுகப்படுத்தியது.

வேலை செய்யும் விதம்

கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு 'டி.வி.ஆர்.' என்ற பெயர் பழக்கமானதே. தத்துவம் ஒன்றுதான் என்றாலும் அந்தப் பெட்டி வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது 'டி.வி. நிகழ்ச்சி பதியும் செட்டாப் பாக்ஸ்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

டிஷ் ஆன்டெனா வழியாகப் படம் எண்களாகச் சுருக்கப்பட்டே வருகிறது. பெட்டி அதை அப்படியே டிஸ்க்கில் எழுதிக்கொள்கிறது. எனவே பதிவில் படத்தின் தரம் குறைவதில்லை. ஒருபக்கம் எழுதிக்கொண்டே மறுபக்கம் படிக்கவும் டிஸ்க்கால் முடியும். எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை ஒன்பதரைக்கு வீடு வந்து முதலிலிருந்து பார்க்கலாம். அப்போதும் பதிவு நடந்துகொண்டே இருக்கும்.

இருப்புக் கணக்கு

டிஸ்க்கும் ஒரு கிடங்குதான். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் வரும் சாதாரணப் படம் ஒரு மணிக்கு 0.9 ஜி.பி. இடம் பிடிக்கும். 8 மெகாபிட் வீதம் வரும் எச்.டி. படம் 3.6 ஜி.பி. பிடிக்கும். 500 ஜி.பி. டிஸ்க்கில் முதல் வகை சுமார் 550 மணி நேரமும், இரண்டாவது வகை சுமார் 138 மணி நேரமும் அடங்கும். பழைய சரக்கைத் தள்ளினால்தான் புதியதற்கு இடம் என்பதை மறக்கலாகாது.

விளம்பரமும் நாமும்

மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்ற வரம்பு 2006-இல் கேபிள் டி.வி. விதிகளில் சேர்க்கப்பட்டது. அந்தக் கணக்குப்படியே தினமும் இரண்டு மணி நேரம் பார்ப்பவர், பதிவில் விளம்பரங்களைத் தாண்டினால் 24 நிமிடம் மிச்சம். வாரத்தில் ஆறு நாளுக்கு 144 நிமிடம். விடியற்காலையில் கொள்முதலுக்குப் புறப்படும் நமக்கு அது நல்ல தூக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் விற்கும் சோப்பும் தேயிலையும் விளம்பரத்தால்தான் பேர் வாங்குகின்றன. வாடிக்கையாளரும் விளம்பரத்தைத் தாண்டிப் பார்த்தால், 'எது நல்லது அண்ணாச்சி?' என்று நம்மிடம்தான் கேட்பார். நம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு கூடும் காலம் இது. அதைத் தரமான சரக்கால் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

வாங்குமுன் கவனிக்க

1. பதிவு வசதியுள்ள பெட்டி கிடைக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று உங்கள் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். யு.எஸ்.பி. துளை இருப்பதாலேயே பதிவு செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம்.

2. ஒரு சேனலைப் பதிந்துகொண்டே வேறொன்றைப் பார்க்க இரண்டு ட்யூனர்கள் தேவை. இல்லாவிட்டால் நம் பதிவு வீட்டாரின் தொடருக்கு இடைஞ்சலாகும்.

3. கட்டணச் சேனல்களின் பதிவுகள் பூட்டப்பட்டவை. பொதுவாக அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். சந்தா நின்றால் பதிவும் ஓடாமல் போகலாம்.

4. காலையில் பதிவுக்குக் குறித்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் பதிவாகாது. மின்வெட்டுள்ள ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்பு நல்லது.

5. ஒளிபரப்பு நேரம் முன்பின் ஆவதுண்டு. தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் பத்து நிமிடமும் கூட்டிக் குறித்துவையுங்கள்.

6. பதிவு வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே. பிரதி எடுத்து விற்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

இன்று பல நிகழ்ச்சிகள் செல்போனிலும் பிறகு கிடைக்கின்றன. ஆனால் அதற்கு இன்டர்நெட் டேட்டா செலவாகும். பதிவுப் பெட்டிக்கு அது தேவையில்லை. எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். வியாபார நேரத்தில் கவனம் கடையில் இருக்கட்டும். நிகழ்ச்சி வீட்டில் காத்திருக்கட்டும்.