கரடியூர்க் காட்டில் ஒரு மரவீடு

உண்டியும் உடையும் போல உறையுளும் மக்களுக்கு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். நகர வாழ்க்கையிற் களைப்புற்றோர் ஆண்டிற் சில நாட்களேனும் மலைச்சாரலிலே தங்கி உடலும் உள்ளமும் தேற விரும்புதல் இயல்பே. ஆயினும், காட்டின் அமைதியை நாடிச் செல்வோன் தான் கட்டும் வீட்டினாலேயே அவ்வமைதியைக் குலைப்பானாயின், அவன் அடைந்த பயன் யாது? சேர்வராயன் மலையின்மீது காட்டோரமாய் அமைந்த கரடியூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, காட்டிற்குக் கேடு விளையாதவாறு ஒரு சிறு மரவீடு அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். சேலம் நகருக்கு வடக்கே எழும் இம்மலை, ஏற்காட்டின்கண் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரமுடையது. தென்மேற்குப் பருவத்தும் வடகிழக்குப் பருவத்தும் மழை பெறுவது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர். தை முதல் சித்திரை வரை வறட்சி மிகும். 1820 முதல் 1829 வரை சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் காலத்தில் இங்குக் காப்பிப் பயிர் வேரூன்றியது. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டுமாதலின், தோட்டக்காரர் பிற்காலத்தில் சில்வர் ஓக் என்னும் மரத்தை வரிசை வரிசையாக நட்டனர். ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையைத் தாயகமாக உடைய இம்மரம் நேராக ஓங்கி விரைந்து வளர்வது. மிளகுக்கொடி படர்வதற்கும் ஏற்றது. நாம் கருதும் வீட்டிற்குரிய மரம் காட்டில் இல்லை, இத்தோட்டங்களிலேயே உளது.

அஃது ஏன் என வினவலாம். மரம் வளருங்கால் காற்றிலுள்ள கரியை ஈர்த்துத் தன் உடலாக்கிக் கொள்கின்றது. உலர்ந்த மரத்தின் எடையிற் பாதியளவு அவ்வாறு பெற்ற கரியேயாம். அம்மரம் உளுத்தாலும் எரிந்தாலும் அது மீண்டும் காற்றிற் கலக்கும். வீடாக நிற்குமளவும் அடங்கியிருக்கும். எனவே, ஒரு மரம் வளர எத்தனை ஆண்டுகள் ஆயினவோ, அத்தனை ஆண்டுகளுக்குக் குறையாமல் அம்மரத்தாலாகிய வீடு நிற்றல் வேண்டும். வெட்டிய இடத்தில் நட்ட கன்று அதற்குள் மரமாகிவிடும், கணக்கு நேராகும். நூறாண்டு நின்ற காட்டு மரத்தை வெட்டி முப்பதாண்டில் அழியும் விடுதி கட்டுவோன், காட்டிற்குக் கடன்பட்டுத் தீர்க்காது செல்பவனாவான். சில்வர் ஓக் மரமோ 25 அல்லது 30 ஆண்டுகளில் அறுப்பதற்குரிய பருமனை அடைகின்றது. அக்கடன் நாம் தீர்க்கக்கூடியதே.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். திண்ணை உட்பட 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடைய ஒரு வீட்டிற்கு, அறுத்த மரம் சுமார் 4 கன மீட்டர் போதுமெனக் கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 8 மீட்டர் நீளமும் உடைய அடிமரம் ஒன்றில் அரைக் கன மீட்டருக்குச் சற்று மிகுதியாக மரம் உண்டு. அறுக்குங்கால் அதிற் பாதி பட்டையும் தூளுமாகக் கழியும். ஆகவே 15 மரங்கள் வேண்டும். 15 மரங்களுக்கு 30 கன்றுகள் நடுவோனுக்கு அச்சமில்லை.

இக்கருத்து புதியதன்று. ஜப்பான் நாட்டு இசே நகரத்துக் கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தாற் புதிதாகக் கட்டுவர்; கடைசியாக 2013ஆம் ஆண்டிற் கட்டினர். பழைய மரங்களை எறிந்துவிடாது வேறு கோயில்களுக்கு அளிப்பர். வருங்காலத்துக்கு வேண்டும் மரங்களை வளர்க்க 1923இல் 200 ஆண்டுத் திட்டமொன்று வகுத்தனர். திட்டத்தை வகுத்தோருள் ஒருவரும் அதன் முடிவைக் காணார் என்பதை நோக்குக.

இனி, சில்வர் ஓக் மரத்தின் குறையையும் மறைக்கலாகாது. தேக்கைப்போல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. கறையானும் வண்டும் அதனை எளிதில் அரிக்கும். ஈரம் தங்கினால் காளான் பற்றும். ஆதலின், அறுத்த பலகைகளை ஈரம் உலருமுன் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்து, சில வாரம் மூடிவைத்து, பின்னர் இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, நிழலிற் பல திங்கள் உலர்த்தல் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதிற் குறைந்திருக்குமளவும் காளான் வளராது. ஆயின் வெண்கார மருந்தை மழைநீர் கரைத்துக்கொண்டு போய்விடும். எனவே மருந்தினும் சிறந்த காவல் வீட்டின் அமைப்பேயாம்.

அவ்வமைப்பை மூன்று சொற்களில் அடக்கலாம்: உயர்ந்த கால், அகன்ற இறவாணம், உலாவும் காற்று. இம்மலையின் உடலாகிய சார்னோக்கைட் என்னும் கருங்கல்லால் அரை மீட்டருக்குக் குறையாத கால்களை நிறுத்தி, அவற்றின் தலையில் விளிம்பு கீழ்நோக்கி மடிந்த தகட்டை வைத்து, அதன்மேல் உத்தரங்களை ஏற்றுதல் வேண்டும். தகட்டைச் சுற்றி ஏறும் கறையானின் மண்வழி கண்ணுக்குப் புலப்படும், துடைத்துவிடலாம். மலையாளி மக்கள் தம் தானியக் குதிர்களைத் தரையினின்றும் உயர்த்தி அமைத்ததும் இக்கருத்துப் பற்றியதே. கூரையின் இறவாணம் நாற்புறமும் 90 சென்டிமீட்டர் நீண்டிருப்பின் சாரல் சுவரைத் தொடாது. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலை கடுமழை பெய்யும் நாட்டில் நூற்றாண்டுகளாக நிற்பதற்கு அதன் தாழ்ந்தகன்ற கூரையும் காற்று நுழையும் மரச்சட்டங்களும் பெருந்துணையாயின.

கூரைக்கு மங்களூர் ஓடு ஏற்றது. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையால் பரவிய இவ்வோட்டை, உடைந்தால் ஒன்றொன்றாக மாற்றலாம். வீட்டைப் பிரித்தால் மறுபடியும் பயன்படுத்தலாம். மரத்தையும் ஆணியால் இறுக்காது, கழுந்தும் துளையுமாகப் பொருத்தி முளையடித்தல் நன்று. பழுதான ஓர் உறுப்பை மட்டும் கழற்றி மாற்ற இயலும். வீடு நெடுநாள் நிற்பதற்கு இதனினும் நல்ல வழியில்லை.

நீரையும் கூரையே தரும். இறவாணத்தோடு சேர்த்து 40 சதுர மீட்டர் பரப்பில் ஆண்டிற்கு 60,000 லிட்டர் மழை விழுகின்றது. ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 48,000 லிட்டர் எஞ்சும். இருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவிட்டால் ஆண்டு முழுதும் 36,500 லிட்டரே ஆகும். வறண்ட நான்கு திங்களுக்கு 12,000 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்று போதும். ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கீழேயுள்ள ஊரின் ஊற்றை வற்றச் செய்ய வேண்டுவதில்லை. மலக்குழியை ஊற்றின் மேற்சரிவில் அமைத்தலும் கூடாது.

இடம் தேர்வதில் சட்டமும் அறமும் ஒன்றே கூறுகின்றன. காப்புக்காட்டினுள் வீடு கட்டுதலை 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. மலைப்பகுதியில் மரம் வெட்டுதலை 1955ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஆகவே, காட்டையடுத்த பட்டா நிலத்தில், முன்னரே வெளியாய் உள்ள இடத்தைத் தேர்ந்து, உரிய அதிகாரிகளின் இசைவு பெற்ற பின்னரே வேலை தொடங்குக. சரிவை வெட்டிச் சமனாக்காது கற்கால்களின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் தளத்தை ஒப்பமாக்குக. காட்டெருமை செல்லும் தடம் எது, மழைநீர் பாயும் வழி எது என்பதை அவ்வூர் மக்களைக் கேட்டறிக; அவர் அறிவு எந்தப் படத்திலும் காணப்படாதது. கோடையில் தீ பரவாதவாறு வீட்டைச் சுற்றியுள்ள சருகை அகற்றுக. இரவில் விளக்கு வேண்டிய அளவே எரிக; இருள் காட்டுயிர்களின் உரிமையாம்.

இன்று ஏற்காட்டு மலையிற் சிமிட்டி விடுதிகள் பெருகி வருகின்றன. அவற்றையெல்லாம் நம்மால் தடுத்தல் இயலாதிருக்கலாம். ஆயினும் பொறியியல் பயில்வாரும், நிலம் வாங்கும் வசதி பெற்ற பழைய மாணவரும் ஒரு வீடு வரையுமுன், அவ்வீடு எத்தனை ஆண்டு நிற்கும், அதற்கு வெட்டும் மரம் எத்தனை ஆண்டு வளர்ந்தது என்னும் இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பாராக. முன்னது பின்னதினும் குறையுமாயின் அவ்வீட்டைக் கட்டாதிருத்தலே காட்டிற்குச் செய்யும் நன்றியாம்.