நங்கூரமிட்ட இல்லம்

மேற்கிந்தியத் தீவுகளிடையே பாய்ப்படகையே இல்லமாகக் கொண்டு வாழ்வோர் பலர் உளர். கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று அவர்தம் பாய்களை நிறைக்கின்றது. தொட்டியிலுள்ள நன்னீரை அளந்தே செலவிடுவர். பாத்திரங்களைக் கடல்நீரிற் கழுவுவர்.

ஆயினும், அவ்வாழ்வை ஆள்வது நாட்காட்டியே. யூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவமாகும். அக்காலத்திற் பலர் தெற்கே, 12 பாகை வட அகலக்கோட்டை அண்டிய கிரெனடாவை நாடுவர். அங்கு சூறாவளி வருவது அரிது. அரிது என்பது இல்லை என்பதாகாது. 2004 செப்டெம்பரில் 'ஐவன்' அத்தீவைச் சிதைத்தது. 2024 யூலை 1ஆம் நாள் 'பெரில்' அயலிலுள்ள கரியாக்கூவைத் தாக்கியபோது, கண்டற் காட்டிடையே புகலிடம் தேடிக் கட்டப்பட்ட படகுகளும் கவிழ்ந்தன. முன்னதாகவே திரினிடாட்டை நோக்கிப் பாய் விரித்தோர் தப்பினர்.

ஆகவே, படகில் வாழ்வோனுக்கு உறுதியான நங்கூரம் மட்டும் போதாது. அதனை உரிய வேளையில் தூக்கும் அறிவும் வேண்டும்.